மெக்டவல்: கரி போனது, நிலம் திரும்பவில்லை

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துத் தென்கோடியில் இருப்பது மெக்டவல் கவுண்டி. பரப்பளவு சுமார் 1,385 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 19,111. இதே மலைகளில் 1950-ல் 98,887 பேர் வாழ்ந்தார்கள். போர் இல்லை, பஞ்சம் இல்லை, ஊரை மூழ்கடித்த அணைக்கட்டும் இல்லை. ஆனாலும் எழுபது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு மக்கள் குறைந்துபோனார்கள். கரி தீர்ந்ததால் ஊர் காலியானது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மைகூட இல்லை. மெக்டவலில் கரி இன்னும் இருக்கிறது, இப்போதும் வெட்டப்படுகிறது. அங்கே மக்கள் எங்கே குடியிருக்கலாம், எதைச் செய்து பிழைக்கலாம் என்பதைத் தொடக்கம் முதலே தீர்மானித்தது நிலவுடைமை. கரித்தொழில் வந்த நாள்முதல் அந்த நிலத்தில் பெரும்பகுதி மக்கள் கையில் இருந்ததில்லை.

கிராமப்புறக் கவுண்டி என்றதும் வயலும் தொழுவமும் நினைவுக்கு வரலாம். மெக்டவலில் உழுவதற்கு நிலமே கிடையாது என்றுகூடச் சொல்லிவிடலாம். அப்பலாச்சியப் பீடபூமியை ஓடைகள் பல லட்சம் ஆண்டுகளாக அறுத்து அறுத்து உருவாக்கிய நிலம் இது. செங்குத்தான சரிவுகள், அவற்றின் அடியில் ஒடுங்கிய பள்ளத்தாக்குகள். அந்த இடுக்குகளை உள்ளூர் மக்கள் ‘ஹாலர்’ என்பார்கள். ஒரு ஹாலரில் நடுவே ஓடை, அதை ஒட்டி ரயில் பாதை, அதை ஒட்டிச் சாலை, அதன்பின் இடம் மிஞ்சினால் ஒற்றை வரிசையில் வீடுகள். சரிவு முழுக்க ஓக், ஹிக்கரி, மேப்பிள் காடு. டக் ஃபோர்க், எல்க்ஹார்ன், டிரை ஃபோர்க் ஆகிய ஓடைகள் கவுண்டியின் நீரைத் திரட்டி பிக் சாண்டி ஆற்றில் சேர்க்கின்றன. அது ஒஹாயோ ஆற்றில் கலக்கிறது. தலைநகரமான வெல்ச், டக் ஃபோர்க்கும் எல்க்ஹார்னும் சந்திக்கும் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. காரை நிறுத்த இடமில்லாத அந்த ஊர், 1941-ல் நகராட்சியே நடத்தும் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தைக் கட்டியது. அமெரிக்காவில் அந்த வகையில் அதுவே முதல் கட்டடம் என்று ஊர் பெருமைப்பட்டுக்கொள்கிறது.

வர்ஜீனியாவின் டாஸ்வெல் கவுண்டியிலிருந்து 1858-ல் பிரிக்கப்பட்டபோது மெக்டவல் ஆளரவமற்ற காடு. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863-ல், மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானபோது இதுவும் அதனுடன் சேர்ந்தது. 1880-ல் இங்கே இருந்தவர்கள் 3,074 பேர். வேட்டை, சோளம், பன்றி, கொஞ்சம் மரம் என்று பிழைப்பு ஓடியது. இந்தக் காட்டின் அடியில் கிடந்த ‘போகஹாண்டஸ் எண் 3’ கரிப்படுகைதான் எல்லாவற்றையும் மாற்றியது. புகை குறைவாகவும் வெப்பம் அதிகமாகவும் தரும் கரி அது. உருக்காலைக்கு வேண்டிய கோக் தயாரிக்க அதைவிடப் பொருத்தமான கரி அமெரிக்காவில் அரிது. எதிரிக்குப் புகை தெரியக்கூடாது என்று கவலைப்பட்ட கடற்படையும் அதை விரும்பி வாங்கியது.

கரி வெளியே போக ரயில் வேண்டும். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனி 1888-ல் மலையைக் குடைந்து எல்க்ஹார்ன் பள்ளத்தாக்குக்குள் பாதை போட்டது. ரயிலுக்கு முன்பே நிலத் தரகர்கள் வந்துவிட்டார்கள். பிலடெல்பியா முதலீட்டாளர்களின் பணத்தில் காடுகளும் கனிம உரிமைகளும் அடிமாட்டு விலைக்கு மொத்தமாக வாங்கப்பட்டன. 1901-ல் அந்தப் பெருநிலம் ரயில் கம்பெனியின் துணை நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்தக் கம்பெனி தானே கரி வெட்டவில்லை; சுரங்க முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டு, டன்னுக்கு இவ்வளவு என்று உரிமைத்தொகை வாங்கியது. 1902-ல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் இங்கே குத்தகை எடுத்து, தன் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரில் ‘கேரி’ என்ற ஊரையே கட்டியது. நிலம் ஒரு வெளியூர்க் கம்பெனிக்கு, கரி இன்னொரு வெளியூர்க் கம்பெனிக்கு. உள்ளூர்க்காரருக்கு மிஞ்சியது கூலி.

கூலிக்கு ஆள் வெளியே இருந்துதான் வர வேண்டியிருந்தது. 1900-ல் 18,747 ஆக இருந்த மக்கள்தொகை 1910-ல் 47,856, 1920-ல் 68,571, 1930-ல் 90,479 என்று ஏறியது. இத்தாலி, ஹங்கேரி, போலந்து நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டுக் கறுப்பின மக்கள் பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள்; ஒரு கட்டத்தில் கவுண்டியின் மக்களில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள்தான். பள்ளிகள் நிறத்தால் பிரிந்தே இருந்தன. ஆனால், தெற்கில் பறிக்கப்பட்ட வாக்குரிமை மேற்கு வர்ஜீனியாவில் அவர்களுக்கு இருந்தது. அந்த வாக்குக்குப் பலனும் இருந்தது. 1928-ல் மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர், இறந்த கணவரின் இடத்தில் மெக்டவல் சார்பாக மாநிலப் பேரவைக்கு நியமிக்கப்பட்டார். அமெரிக்கச் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். முதல் உலகப் போரில் பணியாற்றிய கறுப்பின வீரர்களுக்கான நினைவு மண்டபமும் அதே ஆண்டு கிம்பால் என்ற சிற்றூரில் எழுந்தது. தூணும் முகப்புமாக அது இன்றும் நிற்கிறது.

இந்தக் கவுண்டியின் வீட்டுவசதியைப் புரிந்துகொள்ளக் கம்பெனி ஊரைப் பார்க்க வேண்டும். சுரங்க வாயில் எங்கே அமைந்ததோ அங்கே ஊர் அமைந்தது. பலகை வீடுகளைக் கம்பெனி வரிசையாகக் கட்டியது. வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கடை, மருத்துவர், தேவாலயம், தண்ணீர்க் குழாய் எல்லாம் கம்பெனியுடையவை. பல இடங்களில் முன்பணம் ‘ஸ்கிரிப்’ எனும் கம்பெனி டோக்கனாகக் கிடைத்தது. அது கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும். வேலை போனால் வீடும் போகும். தொழிற்சங்கத்தில் சேர்ந்தவனின் தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவில் கிடக்கும். ஒன்றுபட்ட சுரங்கத் தொழிலாளர் சங்கம் இந்தப் பகுதியில் காலூன்ற ரத்தம் சிந்த வேண்டியிருந்தது. பக்கத்துக் கவுண்டியின் மேட்வான் ஊரில் தொழிலாளர் பக்கம் நின்ற காவல் தலைவர் சிட் ஹாட்ஃபீல்டு, 1921 ஆகஸ்ட் 1 அன்று வழக்குக்காக வெல்ச் வந்தபோது, நீதிமன்றப் படிகளிலேயே கம்பெனிகளின் கூலிப்படை முகவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் துப்பாக்கியோடு பிளேர் மலையை நோக்கி நடந்ததற்கு உடனடிக் காரணம் இந்தக் கொலைதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கரிக்கு ஓய்வே இல்லை. 1950-ல் மக்கள்தொகை உச்சத்தைத் தொட்டது. சரிவும் அதே ஆண்டில் தொடங்கிவிட்டது. சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் அந்த ஆண்டு முதலாளிகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், நல்ல கூலிக்கும் மருத்துவ, ஓய்வூதிய நிதிக்கும் ஈடாக இயந்திரங்கள் வருவதைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. வேலையில் நீடித்தவருக்கு அது நல்ல பேரம். ஆனால் நீடித்தவர்கள் சிலரே. 1940-களின் கடைசியில் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 1,25,000 சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் 50,000-க்கும் குறைவு. கரி அளவு அந்த விகிதத்தில் குறையவில்லை. தொடர்ந்து வெட்டிக்கொண்டே போகும் இயந்திரம் ஒன்று பல கை மண்வெட்டிகளின் வேலையைச் செய்தது. ரயில்கள் டீசலுக்கு மாறியதும், வீடுகள் எண்ணெய், எரிவாயு என்று போனதும் சேர்ந்துகொண்டன. கையால் கரி அள்ளிப்போடும் வேலையிலேயே ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள்தான் முதலில் வெளியேற்றப்பட்டார்கள். கிளீவ்லாந்து, டெட்ராய்ட், சிகாகோ என்று குடும்பங்கள் கிளம்பின. 1960-ல் 71,359, 1970-ல் 50,666.

அந்த நேரத்தில் நாட்டின் பார்வை சற்று மெக்டவல் பக்கம் திரும்பியது. 1960 வசந்தத்தில் வேட்பாளர் தேர்தலுக்காக மேற்கு வர்ஜீனியாவைச் சுற்றிய ஜான் கென்னடி, வெல்ச்சிலும் பேசினார். பணக்கார நாட்டுக்குள் பசி இருப்பதை அந்தப் பயணத்தில் கண்டதாகப் பிறகும் அவர் குறிப்பிட்டதுண்டு. அதிபரானதும் முதல் ஆணையிலேயே இலவச உணவு வழங்கலைப் பெருக்கினார். 1961 மே 29 அன்று வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமன் வெல்ச் வந்து, புதிய உணவுக் கூப்பன் திட்டத்தின் முதல் கூப்பன்களை, வேலையிழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் 15 பேர் கொண்ட குடும்பத்துக்கு 95 டாலர் மதிப்பில் கொடுத்தார். இன்று கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் சார்ந்திருக்கும் அந்தத் திட்டம் இந்தக் கவுண்டியில்தான் தொடங்கியது. அது பசியைத் தணித்தது. வேலையைக் கொண்டுவரவில்லை, கொண்டுவரும் நோக்கமும் அதற்கு இல்லை.

எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது கரி மீண்டும் மூச்சுவிட்டது. 1980-ல் மக்கள்தொகை 49,899. அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய இழப்பே இல்லை. அடுத்து வந்ததுதான் பேரிடி. அமெரிக்க உருக்குத் தொழில் சரிய, யு.எஸ். ஸ்டீல் தன் கேரி சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடி, 1986-ல் கதையை முடித்துக்கொண்டது. ஓர் ஊரின் சம்பளம், வரி, கடைக் கணக்கு மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. 1990-ல் 35,233. விண்வெளிப் பொறியாளர் ஹோமர் ஹிக்கம் தன் நூல் வழியே உலகறியச் செய்த கோல்வுட் ஊரின் சுரங்கமும் எண்பதுகளில் மூடப்பட்டதுதான். 1957-ல் ஸ்புட்னிக்கைப் பார்த்து ராக்கெட் விட்ட சிறுவர்களின் கதையை 1999-ல் ஹாலிவுட் படமாக்கியபோது, ஊரில் பழைய கூட்டம் இல்லை.

போனது யார், நின்றது யார் என்று பார்த்தால் இன்றைய மெக்டவல் புரியும். படித்த இளையவர்கள் போனார்கள். ஓய்வூதியக்காரர், ஊனமுற்றோர், கரித்தூசியால் கரும்நுரையீரல் நோய் வந்தவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் நின்றார்கள். பிறப்பைவிட இறப்பு அதிகம். 2000 கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானம் 16,931 டாலர். நாட்டின் அளவோ ஏறக்குறைய 42,000. நூறில் 37 பேருக்கு மேல் வறுமைக்கோட்டுக்குக் கீழே. அதன்பின் பலமுறை கணக்கெடுத்தும் நாட்டின் மிக ஏழ்மையான கவுண்டிகளின் பட்டியலிலிருந்து மெக்டவல் இறங்கவில்லை. வேலையில் முதுகு ஒடிந்தவர்களுக்கு எழுதித்தரப்பட்ட வலிமாத்திரைகள் கொள்ளைநோயானபோது, அதிக மரணங்களைச் சந்தித்த இடங்களில் இதுவும் ஒன்று. 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, இங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 63.9 ஆண்டு என்றது. அதே ஆய்வில் வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி ஆண்களுக்கு ஏறக்குறைய 82. இரண்டுக்கும் இடையே ஒரு நாள் கார்ப் பயணம்கூட இல்லை. ஆயுளிலோ 18 ஆண்டு இடைவெளி.

வீடுகளின் நிலைமை விநோதமானது. வறுமை மிகுந்த இடத்தில் வாடகைக் குடித்தனமே அதிகம் என்று எதிர்பார்ப்போம். மெக்டவலில் பெரும்பான்மையோர் சொந்த வீட்டுக்காரர்கள். ஐம்பதுகள் முதல் கம்பெனிகள் பராமரிப்புச் செலவைக் கைகழுவும் பொருட்டுப் பழைய பலகை வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே மலிவாக விற்றுவிட்டன. வீடு கிடைத்தது, அதைச் சுற்றி ஒரு முழம் நிலம் கூடுதலாகக் கிடைக்கவில்லை. கீழிருக்கும் கனிம உரிமை பெரும்பாலும் விற்பனையில் சேரவே இல்லை. நூறாண்டு பழைய அந்த வீடுகளுக்கு இன்று சந்தை மதிப்பே கிடையாது. மதிப்பில்லாத வீட்டை நம்பி வங்கி கடன் தராது. கடன் இல்லாமல் பழுதுபார்ப்பு நடக்காது. 2000-ல் 13,582 ஆக இருந்த வீடுகள் 2010-ல் 11,322 ஆகக் குறைந்தன. அப்படிக் குறைந்த பிறகும் அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று காலி. கூரை இறங்கி, கொடி படர்ந்து நிற்கும் வீடுகளை இடிக்கவும் காசு வேண்டும். இதற்கிடையில் வேறொரு முரண்: பள்ளிக்கு ஆசிரியர் கிடைத்தால் அவர் குடியிருக்கத் தகுந்த வீடு கிடைப்பதில்லை. 2001 முதல் 2013 வரை பள்ளி நிர்வாகத்தையே மாநில அரசு எடுத்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு ஒன்று 2011-ல் தொடங்கிய மீட்புத் திட்டத்தில், வெல்ச்சில் ஆசிரியர் குடியிருப்பு கட்டுவதும் ஒரு முக்கிய வேலையானது அதனால்தான்.

தண்ணீரும் அதே கதை. குழாயைப் போட்டது கம்பெனி. கம்பெனி போனதும் துருப்பிடித்த குழாய்களைப் பராமரிக்க, வரி வருமானம் இல்லாத ஊராட்சிகள் திணறின. கீஸ்டோன் போன்ற ஊர்களில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி விடுத்த எச்சரிக்கை பத்தாண்டு தாண்டியும் நீங்கவில்லை. சாலையோர ஊற்றுகளிலும் கைவிட்ட சுரங்க வாயில்களிலும் மக்கள் குடம் குடமாகப் பிடித்துப் போகிறார்கள். கழிவுநீர் பல ஹாலர்களில் நேராக ஓடைக்குத்தான் போகிறது. கவுண்டியின் பொதுச்சேவை அமைப்பு மானியம் வாங்கி ஒவ்வோர் ஊராகக் குழாய் மாற்றிவருகிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் சிதறிக் கிடக்கும் சில டஜன் வீடுகளுக்காகப் பாறையில் போடப்படும் குழாய்க்குத் தலைக்கு ஆகும் செலவு பெரிது.

ஓடையோரத்தில் வீடு என்றால் வெள்ளம் விருந்தாளி அல்ல, குடித்தனக்காரன். 2001 ஜூலை, 2002 மே என்று பத்தே மாதத்தில் இரண்டு பெருவெள்ளங்கள் வந்தன. பல குடும்பங்கள் அத்துடன் கிளம்பிப்போயின. 2025 பிப்ரவரியில் மீண்டும் உயிர்ப்பலியோடு ஒரு வெள்ளம் வந்தது; கவுண்டி பேரிடர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சரிவுகளில் மரம் வெட்டியதும் மேற்பரப்புச் சுரங்கம் தோண்டியதும் ஓடும் நீரைக் கூட்டின என்று மக்கள் குறை சொல்கிறார்கள். கம்பெனிகள் வழக்கம்போல் மறுக்கின்றன. இந்த வாதம் எப்படி முடிந்தாலும் அடிப்படைக் கேள்வி ஒன்று நிற்கிறது. வெள்ளம் எட்டாத மேட்டு நிலம் கவுண்டியில் இல்லாமல் இல்லை. மக்கள் ஏன் அங்கே கட்டவில்லை? அது அவர்களுடையது அல்ல. ஆறு மாநிலங்களின் 80 கவுண்டிகளில் குடிமக்களே பதிவேடு புரட்டிச் செய்து 1981-ல் வெளியிட்ட நிலவுடைமை ஆய்வு, அப்பலாச்சிய நிலத்தில் பெரும்பகுதி வெளியாருடையது என்பதையும், வெட்டப்படாத கனிமத்துக்கு அவர்கள் கட்டிய வரி சொற்பம் என்பதையும் காட்டியது. 2013-ல் மேற்கு வர்ஜீனியாவுக்கு மட்டும் நடந்த இன்னோர் ஆய்விலும், தனியார் நிலத்தில் பாதிக்குமேல் முதல் பத்து உடைமையாளர்களிடம் குவிந்திருந்த கவுண்டிகளில் மெக்டவல் ஒன்று. ரயில் கம்பெனி, மரக் கம்பெனி, நில முதலீட்டு நிறுவனம் என்று பெயர்கள் மாறின, பூட்டு மாறவில்லை.

இன்றைய பிழைப்புக்கு வருவோம். கரி ஒழியவில்லை. உருக்காலைக் கரிக்கு வெளிநாட்டுச் சந்தை உண்டு. விலை ஏறும்போது சுரங்கம் திறக்கும், இறங்கும்போது கதவு சாத்தும். சில நூறு பேருக்கு நல்ல சம்பளம், ஆனால் நிரந்தரம் கிடையாது. பள்ளி, மருத்துவமனை, கவுண்டி அலுவலகம் ஆகியவைதான் நிலையான வேலை தருபவை. பிறகு சிறை. 2010-ல் வெல்ச் அருகே மத்திய அரசின் பெரிய சிறை திறந்தபோது, அதை ஒரு தொழிற்சாலையைப் போல வரவேற்றார்கள். தொழிற்சாலை இல்லாத ஊர் வேறென்ன செய்யும்? அதனால் ஒரு பக்கவிளைவும் உண்டு: அமெரிக்கக் கணக்கெடுப்பு கைதிகளை அவர்கள் அடைபட்டிருக்கும் இடத்திலேயே எண்ணுகிறது. 2020-ன் 19,111 பேரில் அவர்களும் அடக்கம். அவர்களைக் கழித்தால் கவுண்டி 1900-ன் 18,747-க்கும் கீழே போய்விடுகிறது.

சில்லறை வணிகம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பது 2016 ஜனவரியில் தெரிந்தது. நாடு முழுக்க நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கடைகளை மூடிய வால்மார்ட், கிம்பாலில் இருந்த கடையையும் மூடியது. வேலைகள் போயின, வரி போனது, உணவு வங்கிக்கு வந்துகொண்டிருந்த மிச்சப் பண்டம் நின்றது, காய்கறி வாங்க மலைப்பாதையில் பல மைல் ஓட்ட வேண்டியதாயிற்று. நான்குவழி நெடுஞ்சாலை வந்தால் எல்லாம் மாறும் என்ற நம்பிக்கை தொண்ணூறுகளிலிருந்தே உண்டு. ‘கிங் கோல்’ நெடுஞ்சாலையும் ‘கோல்ஃபீல்ட்ஸ்’ விரைவுச்சாலையும் துண்டுதுண்டாக நடக்கின்றன, முழுமையாகவில்லை. 2023 மார்ச்சில், நூற்றாண்டு வரலாறுடைய ‘வெல்ச் நியூஸ்’ பத்திரிகையும் நின்றுபோனது. இணைய இணைப்பு சரியில்லாத ஹாலர்களில் மரணச் செய்தியும் கவுண்டிக் கூட்டச் செய்தியும் அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

உண்மையாகவே வளர்ந்துள்ள ஒரு தொழில் சுற்றுலா. மாநிலச் சட்டத்தால் 1996-ல் உருவான ஹாட்ஃபீல்டு–மெக்காய் தடங்கள் ஆணையம், மலைப்பாதை வண்டிகள் ஓட்டுவோருக்காக நூற்றுக்கணக்கான மைல் தடங்களை அமைத்தது. மெக்டவலிலும் அவை ஓடுகின்றன. வார், கேரி, வெல்ச் போன்ற ஊர்களில் சேறு பூசிய வண்டிகள் தெருவிலேயே போகலாம். பழைய கம்பெனி வீடுகள் சில விடுதிகளாகப் புத்துயிர் பெற்றிருக்கின்றன; உள்ளூர்க்காரர்கள் சிலர் முதன்முறையாகச் சொந்தத் தொழில் நடத்துகிறார்கள். குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் தடங்கள் போகும் காடு பெரும்பாலும் நிலக் கம்பெனிகளுடையது. ஒப்பந்தத்தின் பேரில் திறந்துவிடப்பட்டது. கரி வெட்டவோ மரம் வெட்டவோ கம்பெனி முடிவெடுத்தால் தடம் இடம் மாற வேண்டியதுதான்.

கூப்பன், சிறை, சாலை, சுற்றுலா என்று அறுபது ஆண்டுகளாக மெக்டவலுக்குத் திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நில உடைமையைத் தொட்ட திட்டம் ஒன்றுகூட இல்லை. 2025 வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு நிவாரணத் தொகை கொடுத்து அதே ஓடைக்கரையில் திரும்பக் கட்டச் சொல்வது மறுவாழ்வு ஆகாது. மலைமேல் சிறைக்கு இடம் கண்டுபிடிக்க முடிந்த அரசால், குடியிருப்புக்கும் கண்டுபிடிக்க முடியும். நிலக் கம்பெனிகளிடம் சும்மா கிடக்கும் மேட்டு நிலத்தில் ஒரு பகுதியை விலை கொடுத்து வாங்கியோ, நியாயமான வரி போட்டு விற்கவைத்தோ, கவுண்டியின் கையில் ஒப்படைப்பதே மாநில அரசு முதலில் செய்ய வேண்டிய வேலை.